மூன்றில் நிற்க வேண்டிய வினை: செயற்கை மசகு எண்ணெயும் திட அமிலங்களும்

இயந்திரத்தில் ஒன்றோடொன்று உரசும் உலோகப் பரப்புகளை ஒரு மெல்லிய படலத்தால் பிரித்து வைப்பதே மசகு எண்ணெயின் வேலை. அந்த வேலையைப் பனி உறையும் காலையிலும், நெடுந்தொலைவு ஓடிக் கொதித்த எஞ்சினிலும் அது ஒருங்கே செய்தாக வேண்டும் என்னும் நிபந்தனைதான் அதைத் தயாரிக்கும் வேதியியலாளருக்குச் சோதனையாக அமைகிறது. எந்த எண்ணெயும் சூடேறினால் இளகும், குளிர்ந்தால் கெட்டிப்படும். இந்த மாற்றம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. திரவம் பாய்வதற்குக் காட்டும் எதிர்ப்பைப் பாகுநிலை என்றும், வெப்பநிலை மாறும்போது பாகுநிலை எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதைக் காட்டும் அளவைப் பாகுநிலைக் குறியெண் என்றும் வழங்குவர். 1929இல் டீன், டேவிஸ் ஆகிய இருவர் இக்குறியெண்ணை வகுத்தபோது, அன்று அறியப்பட்டவற்றில் மிகச் சிறந்ததான பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், மிக மோசமானதான மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் மதிப்பிட்டனர். இன்று ஆய்வுக்கூடத்தில் உருவாகும் செயற்கை எண்ணெய்கள் 120, 130 என்று அந்த உச்சவரம்பைத் தாண்டி நிற்கின்றன.

கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் மசகு எண்ணெய்க்கு இன்னொரு குறையும் உண்டு. அதில் கலந்துள்ள நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் குளிரில் மெழுகாகப் படிந்து எண்ணெயை உறையச் செய்கின்றன. 30 கார்பன் அணுக்கள் ஒரே நேர்கோட்டில் கோத்த டிரையகான்டேன் என்னும் சேர்மம் சுமார் 66 டிகிரி செல்சியசில்தான் உருகும். அதாவது, சென்னையின் கத்திரி வெயிலிலும் அது கட்டியாகவே இருக்கும். அதே 30 கார்பன் அணுக்களை, அதே எண்ணிக்கையிலான ஹைட்ரஜன் அணுக்களுடன், கிளைகள் விரிந்த வடிவில் அடுக்கினால் கிடைப்பது பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலும் ஓடும் திரவம். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. மாறியிருப்பது வடிவம் மட்டுமே. நேரான சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன. கிளைத்த மூலக்கூறுகளால் அவ்வாறு நெருங்கி அமைய முடிவதில்லை. செயற்கை மசகு எண்ணெயின் வேதியியல் முழுவதும் இந்த வடிவத்தை வேண்டியபடி உருவாக்கும் முயற்சியே எனலாம்.

நீண்ட ஆல்கீன் என்னும் மூலப்பொருள்

அந்த வடிவத்துக்கான தொடக்கப் பொருள் ஆல்கீன். கார்பன் அணுக்களுக்கிடையே குறைந்தது ஓர் இரட்டைப் பிணைப்பைக் கொண்ட ஹைட்ரோகார்பனுக்கு ஆல்கீன் என்று பெயர். இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் நுனியில் அமைந்திருந்தால் அதை ஆல்ஃபா ஒலிஃபின் என்று தொழில்துறையினர் அழைக்கின்றனர். மசகு எண்ணெய்க்கு மிகவும் ஏற்றது 10 கார்பன் கொண்ட 1-டெசீன். இதைக் காட்டிலும் குட்டையான ஆல்கீன்களிலிருந்து வரும் எண்ணெயின் பாகுநிலைக் குறியெண் தாழ்ந்துவிடுகிறது. மிக நீளமானவற்றிலிருந்து வரும் எண்ணெயோ குளிரில் உறையத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில், இரு பண்புகளையும் ஓரளவு விட்டுக்கொடுக்காமல் தருவது டெசீன்.

நீண்ட ஆல்கீன்கள் இயற்கையில் தாராளமாகக் கிடைப்பதில்லை. பெட்ரோலிய மெழுகை வெப்பத்தால் உடைத்து அவற்றைப் பெற்ற காலம் உண்டு. ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஜீக்லர், அலுமினியம் சேர்மங்களின் துணையுடன் எத்திலீனை இரண்டிரண்டு கார்பனாகக் கோத்து நீட்டும் முறையைக் கண்டறிந்த பிறகு, தூய்மையான ஆல்ஃபா ஒலிஃபின்களைப் பெருமளவில் தயாரிக்க வழி பிறந்தது. ஷெல் நிறுவனம் நிக்கல் வினையூக்கியைக் கொண்டு இதே வேலையைச் செய்யும் முறையை உருவாக்கி, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1977இல் ஆலையைத் தொடங்கியது. இவ்வாறு பெறும் ஆல்கீன்களில் இரண்டு, மூன்று அல்லது நான்கு மூலக்கூறுகளை இணைத்து, எஞ்சியிருக்கும் இரட்டைப் பிணைப்பை ஹைட்ரஜன் சேர்த்து நிறைவுசெய்தால் கிடைப்பது பாலிஆல்ஃபாஒலிஃபின். சுருக்கமாக பிஏஓ எனப்படும் இதுவே செயற்கை எஞ்சின் எண்ணெய்களில் முதன்மையான அடிப்படை எண்ணெய். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வகைப்பாட்டில் நான்காம் தொகுதி முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கோத்த பொருளைப் பலபடி என்று அழைப்பது வழக்கம். இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிவிடக்கூடிய அளவில் கோத்தவை ஒலிகோமர்கள். அவற்றை முறையே இருபடி, மும்படி, நாற்படி எனலாம். 1-டெசீனின் இருபடியில் 20 கார்பன்கள் உள்ளன. அது நீர்த்தும் எளிதில் ஆவியாகியும் போவதால் எஞ்சினுக்குப் பொருந்தாது. நாற்படியும் அதற்கு மேற்பட்டவையும் கூடக்கூட எண்ணெய் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். பெரும்பாலான எஞ்சின்களுக்கு உகந்த, 100 டிகிரியில் சுமார் 4 சென்டிஸ்டோக் பாகுநிலை கொண்ட எண்ணெயின் பெரும்பகுதி 30 கார்பன் கொண்ட மும்படியே. எனவே இந்த வினை தொடங்கினால் மட்டும் போதாது. மூன்றில் நிற்கவும் வேண்டும்.

புரோட்டான் செய்யும் வேலை

ஆல்கீன்களை இணைக்க அமிலம் தேவைப்படுவதன் காரணம் இரட்டைப் பிணைப்பின் இயல்பிலேயே இருக்கிறது. அப்பிணைப்பில் எலக்ட்ரான்கள் செறிந்து கிடப்பதால், எலக்ட்ரான் குறைவுள்ள எதையும் அது ஈர்க்கும். அமிலம் தரும் புரோட்டான், அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணு, டெசீனின் நுனிக் கார்பனில் ஒட்டிக்கொள்ள, அடுத்த கார்பன் நேர்மின்னூட்டம் பெறுகிறது. நுனியில் ஹைட்ரஜனும் உள்ளே மின்னூட்டமுமாக அமைவதற்கான விதியை ரஷ்ய வேதியியலாளர் மார்கோவ்னிகோவ் 1869இலேயே வகுத்துவிட்டார். இவ்வாறு உருவாகும் கார்பன் நேரயனி மிகக் குறைந்த ஆயுள் கொண்டது. இத்தகைய அயனிகளை நிலைப்படுத்தி நேரடியாக ஆராய்ந்து காட்டியதற்காகவே ஜார்ஜ் ஓலாவுக்கு 1994ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கார்பன் நேரயனியின் முன்னால் மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. அருகிலுள்ள இன்னொரு டெசீனைப் பற்றிக்கொண்டு 20 கார்பன் அயனியாக வளரலாம். தன் புரோட்டானை அமிலத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஆல்கீனாகலாம். ஆனால் அப்போது இரட்டைப் பிணைப்பு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பதில்லை, அது சங்கிலியின் உட்புறம் நகர்ந்துவிடக்கூடும். மூன்றாவதாக, தன் எலும்புக்கூட்டையே மாற்றிப் புதிய கிளைகளை முளைக்கவிடலாம். இவற்றில் முதலாவது எண்ணெயைத் தருகிறது, இரண்டாவது வீணாக்குகிறது, மூன்றாவது எண்ணெயின் குணத்தை நிர்ணயிக்கிறது. உட்புறம் நகர்ந்த இரட்டைப் பிணைப்பு நிலைப்பு மிக்கதாகவும் இருபுறமும் சங்கிலியால் மறைக்கப்பட்டும் இருப்பதால், அந்த ஆல்கீன் மற்றொன்றுடன் இணைவதற்கு மிகுந்த தயக்கம் காட்டுகிறது.

மூன்று டெசீன்கள் எந்த மாற்றமும் இன்றி ஒழுங்காகக் கோத்துக்கொண்டால், ஹைட்ரஜனேற்றத்துக்குப் பின் 21 கார்பன் கொண்ட முதன்மைச் சங்கிலியும், அதில் ஒரு கார்பன் கொண்ட சிறுகிளையும், எட்டு கார்பன் கொண்ட பெருங்கிளையும் கிடைக்க வேண்டும். உண்மையில் ஆலையில் கிடைக்கும் மும்படியை வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்திப் பார்த்தால் ஒரே முகட்டுக்கு மாறாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் முகடுகளின் கூட்டமே பதிவாகிறது. அவ்வளவு மாற்றியங்கள், அதாவது ஒரே வாய்பாடும் வேறு வேறு அமைப்பும் கொண்ட மூலக்கூறுகள், அங்கே கலந்திருக்கின்றன. கார்பன் நேரயனி தன் எலும்புக்கூட்டை மாற்றிக்கொண்டதற்கான சாட்சியம் இது. இந்தக் கலப்புத்தன்மையே எண்ணெய் படிகமாகாமல் காப்பதில் பெரும் பங்கு வகிக்கிறது.

எண்ணெயில் கலக்கும் அமிலங்களின் சாதனையும் விலையும்

இவ்வினைக்கு முதலில் பயன்பட்டது அலுமினியம் குளோரைடு. அமெரிக்காவின் இந்தியானா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில் சல்லிவனும் அவருடைய உடனுழைப்பாளர்களும் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைக் கொண்டு ஆல்கீன்களிலிருந்து நல்ல எண்ணெய் தயாரித்தபோதிலும், கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்த அக்காலத்தில் அதற்குச் சந்தை அமையவில்லை. பெட்ரோலியப் பற்றாக்குறையால் தவித்த ஜெர்மனியில் இதே ஆய்வு தீவிரமாக நடந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலை உற்பத்தியாகவே மாறியது. போருக்குப் பின் மொபில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அலுமினியம் குளோரைடுக்கு மாற்றாகப் போரான் டிரைஃபுளூரைடைப் பயன்படுத்தும் முறையை 1960களில் வடிவமைத்தனர். 1970களில் செயற்கை எஞ்சின் எண்ணெய் சாதாரண வாகன உரிமையாளரின் கைக்கு வந்தது.

போரான் டிரைஃபுளூரைடு ஒரு லூயிஸ் அமிலம். புரோட்டானைத் தராமல், பிற மூலக்கூறின் எலக்ட்ரான் இணையை ஏற்றுக்கொள்ளும் பொருளுக்கு அந்தப் பெயர். புரோட்டானைத் தருவது பிரான்ஸ்டெட் அமிலம். இரண்டு வரையறைகளும் 1923இல் தனித்தனியே வெளிவந்தன. தூய போரான் டிரைஃபுளூரைடு மட்டும் டெசீனை ஏறக்குறைய அசைப்பதே இல்லை. பியூட்டனால் போன்ற ஓர் ஆல்கஹாலைச் சிறிதளவு சேர்த்தால், இரண்டும் கூடி உண்டாகும் அணைவுச் சேர்மம் வலிமையான பிரான்ஸ்டெட் அமிலமாக மாறிப் புரோட்டானை வழங்கத் தொடங்குகிறது. அறை வெப்பநிலைக்குச் சற்று மேலான இதமான சூட்டிலேயே வினை நடந்து, இருபடி சிறிதாகவும் மும்படி மிகுதியாகவும் நாற்படி ஓரளவாகவும் கிடைக்கின்றன. வினை மூன்றை ஒட்டித் தானாகவே அடங்கிவிடுவது இந்த வினையூக்கியின் அரிய பண்பு. இதற்கு இணையான எளிமையை வேறு எதனிடமும் காண்பது கடினம்.

ஆயினும் அந்த எளிமைக்கு விலை உண்டு. போரான் டிரைஃபுளூரைடு நச்சு வாயு. ஈரக்காற்று பட்டதும் புகைந்து, உலோகத்தையும் சுவாசப் பாதையையும் அரிக்கும் அமிலங்களாக மாறுகிறது. வினை முடிந்த பின் அது எண்ணெயோடு கலந்தே நிற்பதால், காரமும் நீரும் கொண்டு எண்ணெயைக் கழுவி அதை அகற்ற வேண்டியிருக்கிறது. கழுவிய நீரில் போரானும் ஃபுளூரைடும் சேர்ந்துவிடுகின்றன. அவற்றை நீக்காமல் வெளியே விட முடியாது. சிறப்பு உலோகக்கலவைக் குழாய்கள், வாயுக் கசிவைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று செலவு நீள்கிறது. எண்ணெயோடு கலக்காமல், பாத்திரத்திலேயே தங்கி, புரோட்டானை மட்டும் கடன் கொடுத்துத் திரும்பப் பெறும் ஒரு திண்மம் கிடைத்தால் இவை யாவும் வேண்டியதில்லை என்பதே திட அமில ஆய்வின் உந்துதல்.

மண்ணிலிருந்து ஜியோலைட் வரை

திடப்பொருள் அமிலமாகச் செயல்பட முடியும் என்பது புதிய செய்தி அன்று. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி, அமிலத்தில் பதப்படுத்திய களிமண்ணைக் கொண்டு கனத்த எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் முறையை வகுத்து, பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக் நகரில் 1937இல் அதைப் பெரிய ஆலையாகவே நடத்திக் காட்டினார். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த விளாதிமிர் இபாட்டியெஃப், பாஸ்பாரிக் அமிலத்தை டயட்டம் மண்ணில் ஊறவைத்து உருவாக்கிய திட வினையூக்கி, 1930களில் குட்டையான ஆல்கீன்களை இணைத்துப் பெட்ரோல் தயாரிக்கப் பயன்பட்டது. ஆல்கீன்களை ஒன்றோடொன்று இணைக்கத் திட அமிலம் போதும் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது. மூன்று, நான்கு கார்பன் கொண்டவற்றில் வெற்றி பெற்றது பத்து கார்பன் கொண்டவற்றில் ஏன் அவ்வளவு எளிதாக அமையவில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஜியோலைட்டின் அமைப்பை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஜியோலைட் என்பது சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் முப்பரிமாண வலையாகப் பின்னிய படிகம். அதனுள்ளே மூலக்கூறுகள் நுழையும் அளவில் ஒரே சீரான நுண்துளைகள் ஓடுகின்றன. வலையிலுள்ள ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் நான்கு ஆக்சிஜன்களுடன் பிணைந்து மின்னூட்டமற்ற நிலையில் நிற்கிறது. சிலிக்கனின் இடத்தில் ஓர் அலுமினியம் அமர்ந்துவிட்டால், அதன் இணைதிறன் ஒன்று குறைவு என்பதால் வலையின் அவ்விடத்தில் ஓர் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதை ஈடுசெய்ய ஒரு புரோட்டான் வந்து, சிலிக்கனையும் அலுமினியத்தையும் இணைக்கும் ஆக்சிஜனின் மேல் தங்குகிறது. தளர்வாகப் பற்றியிருக்கும் அந்தப் புரோட்டானே ஜியோலைட்டின் அமில மையம். அலுமினியம் எத்தனை இருக்கிறதோ அமில மையங்களும் அத்தனை இருக்கலாம். ஆனால் அவை நெருக்கமாகக் கூடினால் ஒவ்வொன்றின் வலிமையும் குறையும். விலகித் தனித்து நின்றால் வலிமை கூடும். எனவே சிலிக்கனுக்கும் அலுமினியத்துக்கும் இடையிலான விகிதத்தை மாற்றுவதன் மூலம் அமிலத்தின் அளவையும் வலிமையையும் ஒருங்கே கையாள முடிகிறது.

இந்த மையங்களைக் கண்ணால் காண முடியாவிட்டாலும், அவற்றைத் தனித்தனியே எண்ணிப் பார்க்கும் வழி உண்டு. பிரிடின் என்னும் காரத்தின் ஆவியைத் திண்மத்தின் மேல் செலுத்தி, அகச்சிவப்பு ஒளியை அதனூடே அனுப்பினால், புரோட்டானைப் பெற்றுக்கொண்ட பிரிடின் ஒரு சென்டிமீட்டருக்கு 1545 அலைகள் என்ற இடத்திலும், லூயிஸ் மையத்தில் ஒட்டிய பிரிடின் 1450 என்ற இடத்திலும் ஒளியை உறிஞ்சுகின்றன. இரண்டு உறிஞ்சல்களின் பரப்பை ஒப்பிட்டால், ஒரு திண்மத்தில் எந்த வகை அமிலம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அம்மோனியாவை ஒட்டவைத்துப் படிப்படியாகச் சூடேற்றி, எந்த வெப்பநிலையில் அது விடுபடுகிறது என்று கவனித்தால் அமிலத்தின் வலிமையும் புலப்படும்.

வாயில் சிறுத்த அறை

அமில வலிமையில் ஜியோலைட்டுகள் குறைந்தவை அல்ல. தடை வருவது துளையின் அளவிலிருந்து. 1-டெசீன் மூலக்கூறை நீட்டி நிறுத்தினால் சுமார் ஒன்றரை நானோமீட்டர் நீளமும், அரை நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவான குறுக்களவும் கொண்டிருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மொபில் நிறுவனம் 1972இல் காப்புரிமை பெற்ற இசட்எஸ்எம்-5 என்னும் ஜியோலைட்டின் துளைகள் சுமார் 0.55 நானோமீட்டர் அகலமானவை. டெசீன் அதற்குள் நெளிந்து நுழைந்துவிடும். உள்ளே இரண்டு, மூன்று டெசீன்கள் கூடிக் கிளைத்த மூலக்கூறாகப் பருத்துவிட்டால், வந்த வழியே வெளியேற அதனால் முடியாது. குடத்துக்குள் பிஞ்சாக நுழைந்து அங்கேயே முற்றிய பூசணியின் கதிதான் அதற்கும். சிக்கிக்கொண்ட மூலக்கூறு வெப்பத்தில் மெல்ல ஹைட்ரஜனை இழந்து கரியாகிறது. அந்தக் கரி துளையை அடைக்கிறது. அடைபட்ட துளையின் அமில மையங்கள் வலிமையோடு இருந்தும் பயனற்றுப் போகின்றன.

அகன்ற துளை கொண்ட ஜியோலைட் ஒய் ஓரளவு கைகொடுக்கிறது. அதன் வாயில் 0.74 நானோமீட்டர், வாயிலைத் தாண்டினால் ஏறத்தாழ 1.3 நானோமீட்டர் அகலமுள்ள கூண்டு. உள்ளே இடம் தாராளம் என்பதால் மும்படி அங்கே உருவாகவும் முடியும். வாயில் சிறிது என்பதால் அது வெளியேறத் திணறுகிறது. பீட்டா என்னும் மற்றொரு ஜியோலைட்டில் கூண்டு இல்லை, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கால்வாய்கள் உண்டு. அவற்றின் அகலமும் 0.7 நானோமீட்டரை எட்டுவதில்லை. இத்தகைய துளைகளுக்குள் டெசீன் ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு மெதுவாக நகர்ந்து செல்லும்போது ஒவ்வொரு மையத்திலும் அதன் இரட்டைப் பிணைப்பு இடம்பெயர வாய்ப்பு கிடைக்கிறது. இணைவதற்குத் துணை வந்து சேரும் முன்பே பெரும்பகுதி டெசீன் உட்புற ஆல்கீனாக மாறிவிடுவதால், வினையின் விளைவு பெரும்பாலும் மாற்றியங்களும் இருபடியுமாகவே முடிகிறது. போரான் டிரைஃபுளூரைடு மூன்றில் நிற்கிறது என்றால், ஜியோலைட் இரண்டிலேயே நின்றுவிடுகிறது.

இதிலிருந்து மீள இரு திசைகளில் முயற்சிகள் நடந்தன. முதலாவது, துளையைப் பெரிதாக்குவது. மொபில் ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட எம்சிஎம்-41 என்னும் பொருளில், சோப்புப் போன்ற மூலக்கூறுகள் நீரில் கூடி உருளைகளாக நிற்க, அவற்றைச் சுற்றிச் சிலிக்கா படிந்து, பின்பு அவ்வுருளைகள் எரித்து அகற்றப்படுகின்றன. எஞ்சுவது 2 முதல் 10 நானோமீட்டர் வரை வேண்டிய அகலத்தில் அமைக்கக்கூடிய தேன்கூட்டு வடிவத் துளைகள். மும்படியும் நாற்படியும் இதில் தடையின்றி நடமாடலாம். ஆனால் இத்துளைகளின் சுவர் ஜியோலைட்டைப் போன்ற படிகம் அன்று. அணுக்கள் ஒழுங்கற்றுக் கிடக்கும் சுவரில் அமர்ந்த அலுமினியம் தரும் அமிலம் வலிமை குன்றியது. இடம் கிடைத்தபோது வலிமை போயிற்று என்பதே அதன் கணக்கு. இரண்டையும் ஒன்றுசேர்க்கும் நோக்கில், ஆயத்தமான ஜியோலைட் படிகத்தைக் காரக் கரைசலில் நனைத்துச் சிலிக்கனின் ஒரு பகுதியைக் கரைத்தெடுத்து, சிறு துளைகளுக்கு நடுவே அகன்ற பாதைகளைக் குடையும் முறை பின்னர் வளர்ந்தது. படிகத்தை மெல்லிய ஏடுகளாகப் பிரித்து, அமில மையங்களை வெளிப்பரப்புக்கே கொண்டுவரும் முறையும் அதே நோக்கில் பிறந்தது. மூலக்கூறு துளைக்குள் கடக்க வேண்டிய தொலைவு குறைந்தால், சிக்குவதும் கரியாவதும் குறையும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

பிற திட அமிலங்கள்

இரண்டாவது திசை, ஜியோலைட்டை விட்டு வேறு திண்மங்களைத் தேடுவது. சல்ஃபானிக் அமிலத் தொகுதிகளைத் தாங்கிய பாலிஸ்டைரீன் பிசின் மணிகள், ஆம்பர்லிஸ்ட் என்னும் வணிகப் பெயரில் கிடைப்பவை, ஏராளமான புரோட்டான்களைக் கொண்டவை; ஆனால் சுமார் 120 டிகிரிக்கு மேல் தாங்காதவை. ஃபுளூரின் ஏறிய பலபடியான நாஃபியான் மிகுந்த அமில வலிமை கொண்டது. அதன் பரப்பளவு மிகக் குறைவாக இருப்பதால் சிலிக்காவின் நடுவே அதை நுண்துகள்களாகப் பொதிந்து பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ஹினோ, அராட்டா ஆகியோர் 1979இல் அறிவித்த சல்ஃபேட் ஏற்றிய சிர்கோனியா, பியூட்டேனை அறை வெப்பநிலையிலேயே மாற்றியமாக்கும் அளவுக்கு வீரியம் காட்டிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால் அது விரைவில் கரி பிடிக்கிறது, சல்ஃபேட்டையும் சிறிது சிறிதாக இழக்கிறது. அதற்கு மாற்றாக வந்த டங்ஸ்டன் ஏற்றிய சிர்கோனியா வலிமையில் சற்றுக் குறைந்தும் நிலைப்பில் மேம்பட்டும் இருக்கிறது.

டங்ஸ்டோபாஸ்பாரிக் அமிலம் தனியே குறிப்பிடத்தக்கது. ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி 12 டங்ஸ்டன் அணுக்கள் ஆக்சிஜன் பாலங்களால் கோத்துக் கோளம் போல் நிற்கும் இதன் அமைப்பை, கெக்கின் 1933இல் எக்ஸ் கதிரின் உதவியால் கண்டறிந்தார். நீரிலும் ஆல்கஹாலிலும் கரையும் இந்த அமிலம் ஆல்கீனில் கரைவதில்லை. ஆகவே சிலிக்காவின் மேல் பூசி வைத்தால், டெசீன் ஓடும் குழாயில் அது கழுவப்படாமல் தங்கிவிடும். போரான் டிரைஃபுளூரைடையும் அலுமினியம் குளோரைடையுமே சிலிக்காவின் மேல் கட்டிவைத்துத் திண்மமாக்கும் முயற்சிகளில் அந்த உறுதி குறைவு. அவை மெல்லக் கசிந்து எண்ணெயில் கலக்கும்போது, எந்தத் தொல்லைக்கு அஞ்சித் திண்மம் தேடப்பட்டதோ அதுவே திரும்பி வந்துவிடுகிறது.

எந்தத் திண்மமாயினும் நாளடைவில் கரி படிந்து ஓய்வது உறுதி. ஜியோலைட்டின் தனிச்சிறப்பு இங்கே வெளிப்படுகிறது. 500 டிகிரியைத் தாண்டிய சூட்டில் காற்றைச் செலுத்தினால் கரி எரிந்துபோய், படிகம் சிதையாமல் அமில மையங்கள் மீள்கின்றன. பிசின் மணிகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவை கரியோடு சேர்ந்து எரிந்துவிடும். உள்ளே வரும் ஆல்கீனின் தூய்மையும் வினையூக்கியின் ஆயுளை நிர்ணயிக்கிறது. நைட்ரஜன் சேர்மங்கள் காரத்தன்மை கொண்டவையாதலால், சுவடளவு இருந்தாலும் அமில மையங்களில் ஒட்டி அவற்றை முடக்கும். நீரும் ஆக்சிஜன் சேர்மங்களும் ஆல்கீனோடு இடத்துக்குப் போட்டியிடும். ஆல்கீன்கள் இணையும்போது கணிசமான வெப்பம் வெளிப்படுவதால், அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் வினையூக்கிப் படுக்கையின் சில இடங்கள் மட்டும் மிகையாகச் சூடேறி, அங்கே இணைவுக்கு மாறாக உடைவு நடக்கத் தொடங்கும்.

வெற்றி கிடைத்த களங்கள்

திட அமிலங்கள் நீண்ட ஆல்கீன்களிடம் தோற்றுவிட்டன என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழை. சலவைத் தூளுக்கான மூலப்பொருளும், சென்னையை அடுத்த மணலியில் தயாராவதுமான லீனியர் ஆல்கைல் பென்சீன், 10 முதல் 13 வரை கார்பன் கொண்ட ஆல்கீன்களைப் பென்சீன் வளையத்துடன் இணைத்துப் பெறும் பொருள். இதற்கு நெடுங்காலம் வினையூக்கியாக இருந்தது கொடிய ஹைட்ரஜன் ஃபுளூரைடு. அதை நீக்கி, ஃபுளூரின் ஏற்றிய சிலிக்கா அலுமினாவை நிலையான படுக்கையாக அமைக்கும் டெட்டல் என்னும் முறையை யுஓபி, பெட்ரெசா ஆகிய நிறுவனங்கள் உருவாக்கின. 1995இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அதன் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. மசகு எண்ணெய்த் துறையிலேயே, நாப்தலீனுடன் நீண்ட ஆல்கீன்களை இணைத்துப் பெறும் ஆல்கைல் நாப்தலீன்களைத் தயாரிக்க ஜியோலைட் வகை வினையூக்கிகள் பொருந்தி வந்தன. வெப்பத்தையும் ஆக்சிஜனேற்றத்தையும் நன்கு தாங்கும் அவை, பிஏஓவுடன் கலந்து பயன்படுத்தப்படும் அடிப்படை எண்ணெய்கள்.

இக்களங்களில் கிடைத்த வெற்றிக்கான காரணம் தெளிவானது. பென்சீன் அல்லது நாப்தலீன் வளையம் ஓர் ஆல்கீனைப் பெற்றதும் வினை இயல்பாக முடிந்துவிடுகிறது. வளையத்தை மிகுதியாக வைத்துக்கொண்டால், ஆல்கீன்கள் தமக்குள் இணையும் வாய்ப்பும் குறைகிறது. இரட்டைப் பிணைப்பு சங்கிலியில் எங்கே நகர்ந்தாலும் வளையம் அதைப் பற்றிக்கொள்ளும் என்பதால், இடமாற்றம் இங்கே பெரிய இழப்பாகவும் அமைவதில்லை. பிஏஓ தயாரிப்பிலோ எதிர்நிலை: இடமாற்றத்துக்கு முன் இணைய வேண்டும், இணைந்ததும் இன்னொரு முறை இணைய வேண்டும், அதன் பின் நிறுத்தவும் வேண்டும். மூன்று நிபந்தனைகளையும் ஒரே திண்மம் நிறைவேற்ற, அதற்கு வலிமையான புரோட்டான், அகன்ற பாதை, விளைபொருளை விரைந்து வெளியேற்றும் குறுகிய தொலைவு ஆகிய மூன்றும் ஒருசேர வாய்க்க வேண்டும்.

இதற்கிடையே போட்டியும் மாறிவிட்டது. மெட்டலோசீன் எனப்படும் உலோகக் கரிமச் சேர்மங்கள், அமிலங்களைப் போல எலும்புக்கூட்டைக் குலைக்காமல், ஆல்கீன்களைச் சீப்பின் பற்கள் போன்ற ஒழுங்கில் கோக்கின்றன. குறிப்பாகக் கனத்த எண்ணெய்களில் அவை தரும் பாகுநிலைக் குறியெண் அமில முறையால் எட்ட முடியாதது. மறுபுறம், தாவர எண்ணெயிலுள்ள ஒலியிக் அமில எஸ்டரைக் குட்டையான ஆல்கீனுடன் வினைப்படுத்தி 1-டெசீனைப் பிரித்தெடுக்கும் முறை தொழில் அளவை எட்டியிருக்கிறது. இந்தோனேசியாவின் கிரேசிக்கில் பனை எண்ணெயைக் கொண்டு இதைச் செய்யும் ஆலை 2013இல் தொடங்கியது. அவ்வழியில் வரும் டெசீனில் ஆக்சிஜன் சேர்மங்களின் சுவடு எஞ்சக்கூடும் என்பதால், அதைத் தாங்கும் திட அமிலங்களுக்கான தேவை கூடுமேயன்றிக் குறையாது.

குறைந்த பாகுநிலை கொண்ட பிஏஓவைத் தயாரிப்பதில் போரான் டிரைஃபுளூரைடு இன்னும் தன் இடத்தை இழக்கவில்லை. அதன் நச்சுத்தன்மையை எடுத்துக்காட்டுவதால் மட்டும் அந்த இடம் காலியாகிவிடாது. மும்படியை அதே அளவு தேர்ச்சியுடன், ஆண்டுக்கணக்கில் சோர்வின்றித் தரும் திண்மம் ஒன்றே அதை அகற்ற முடியும். அத்தகைய திண்மத்தைத் தேடுவோர் அமிலத்தின் வலிமையைப் பெருக்குவதில் காட்டிய அக்கறையை, மூலக்கூறு வெளியேறும் பாதையைத் திறப்பதிலும் காட்ட வேண்டும் என்பதே இதுவரை நடந்த ஆய்வுகள் சொல்லும் தீர்ப்பு.